காய்ச்சல் விட்டாச்சு, ஆபத்து விட்டுச்சா? டெங்குவின் 'கிரிட்டிக்கல் ஃபேஸ்' என்றால் என்ன?

ஸ்ரீபெரும்புதூர் அருகே தண்டலம். சுற்றிலும் தொழிற்சாலைகள், ஷிஃப்ட் வேலை, ஒரே ரூமில் சேர்ந்து தங்கும் தொழிலாளர்கள். காய்ச்சல் வந்தால் பலரும் போடும் கணக்கு இதுதான்: "சூடு குறைஞ்சிடுச்சு, நாளைக்கு டூட்டிக்குப் போயிடலாம்." டெங்கு என்றால் இந்தக் கணக்கு தப்பாகப் போகலாம்.

'கிரிட்டிக்கல்' என்றால் கவலைக்கிடமா?

இல்லை. இது நோயாளியின் நிலையைச் சொல்லும் வார்த்தை அல்ல. நோயின் ஒரு கட்டம். டெங்குவுக்குக் காய்ச்சல் கட்டம், நெருக்கடிக் கட்டம், தேறும் கட்டம் என மூன்று உண்டு. நடுவில் இருப்பதுதான் 'கிரிட்டிக்கல் ஃபேஸ்'.

எப்போது வரும்?

நோயின் உச்சம் என்றதும் உடம்பு கொதிக்கும் நேரம் என்றுதான் நினைப்போம். டெங்குவில் தலைகீழ். காய்ச்சல் தொடங்கிய 3 முதல் 7 நாட்களுக்குள், சூடு இறங்கும்போதுதான் இது ஆரம்பிக்கும். 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். அந்த நேரத்தில் பெரும்பாலானோர் அப்படியே தேறிவிடுவார்கள். சிலருக்குத்தான் சிக்கல்.

உடம்புக்குள் என்ன நடக்குது?

நுண்ணிய ரத்தக் குழாய்களிலிருந்து பிளாஸ்மா எனும் நீர்ப்பகுதி கசியும். ரத்தம் கெட்டியாகும், ரத்த அழுத்தம் குறையும். கசிவு அதிகமானால் 'ஷாக்' வரை போகலாம். அதனால்தான் டாக்டர்கள் பிளேட்லெட் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதில்லை. ரத்தம் எவ்வளவு கெட்டியாகியிருக்கிறது என்பதைக் காட்டும் ஹீமட்டோகிரிட் அளவையும் பார்க்கிறார்கள்.

எந்த அறிகுறி வந்தால் உடனே ஓடணும்?

* கடுமையான வயிற்று வலி
* நிற்காத வாந்தி
* மூக்கு, ஈறில் ரத்தக் கசிவு
* மூச்சு வாங்குதல்
* மிகுந்த சோர்வு, தலைசுற்றல், கை கால் சில்லிடுதல்
* சிறுநீர் குறைதல்

இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள்.

என்ன செய்யணும், செய்யக்கூடாது?

கஞ்சி, இளநீர், ஓஆர்எஸ் கரைசல் குடிக்கலாம். காய்ச்சலுக்கு டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் ரத்தக் கசிவை அதிகமாக்கலாம் என்பதால் வேண்டவே வேண்டாம்.

2017-ல் தமிழ்நாட்டில் டெங்குவுக்கு 65 பேர் பலியானதாக மத்திய அரசின் கணக்கு சொல்கிறது. காய்ச்சல் விட்ட பிறகும் இரண்டு நாள் லீவு எடுங்க. ரூமில் தனியாக விடாமல், கூட இருப்பவர்கள் ஒரு கண் வைத்திருங்க. டெங்குவில் அந்த இரண்டு நாள்தான் முக்கியம்.