சாட்டையைப் பிடுங்கிய தோழர்

1961ஆம் வருஷம் செப்டம்பர் 30ஆம் தேதி, நில உச்சவரம்புப் போராட்டத்தின் நடுவே, தோழர் பி. சீனிவாசராவ் தஞ்சையில் காலமானார். அந்த நாளை ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அனுஷ்டிக்க வேண்டும் என்கிறோம். தஞ்சாவூர்த் தலைவருக்கு இங்கே என்ன கூட்டம் என்று சிலர் கேட்கலாம். அவர் தஞ்சாவூர்க்காரரே அல்ல! தென் கன்னடத்தில் பிறந்து, கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர். கட்சி போகச் சொன்னது, போனார். சேரியில் தங்கினார், சேரி ஜனங்கள் குடித்த கூழைக் குடித்தார். சேத்தூர் ஜமீனைப் பார்த்த நமது வட்டாரத்துக்கு அவர் எப்படி அந்நியராவார்?

அடிமை முறையைச் சட்டம் அங்கீகரிக்காது என்று வெள்ளைக்கார சர்க்கார் 1843இலேயே எழுதி வைத்தது. சரியாக நூறு வருஷம் கழித்து, 1943இல், சீனிவாசராவ் மன்னார்குடி தாலுகா தென்பரையில் விவசாயிகள் சங்கத்தைத் தொடங்கியபோது, பண்ணையாளின் முதுகில் சாட்டை விழுந்து கொண்டுதான் இருந்தது. எதிர்த்துப் பேசியவன் வாயில் சாணிப்பாலை ஊற்றினார்கள். அப்பன் கல்யாணத்துக்கு வாங்கிய கடனுக்கு மகன் பண்ணையில் உழைத்தான். நூறு வருஷத்துச் சட்டம் செய்யாததை அந்தச் சங்கம் ஒரே வருஷத்தில் செய்தது. 1944இல் மன்னார்குடியில், அதிகாரிகள் முன்னிலையில், மிராசுதார்கள் சங்கத்துடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். சாட்டையடியும் சாணிப்பாலும் இனிக் கிடையாது என்று எழுதிக் கொடுத்தார்கள். சேரி ஆள் நிமிர்ந்து நின்ற பிறகே மிராசுதாரின் பேனா நகர்ந்தது.

பதிலுக்கு அடக்குமுறை வந்தது. களப்பால் குப்பு 1948இல் சிறையில் மாண்டார். ஜாம்பவானோடை சிவராமனும் வாட்டாக்குடி இரணியனும் 1950இல் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இத்தனை ரத்தத்துக்குப் பிறகே 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது.

அதெல்லாம் பழங்கதை என்பவர்கள் 1976ஆம் வருஷத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் ஏன் இன்னும் தேவைப்படுகிறது என்று சொல்லட்டும். சாட்டையின் இடத்தில் இன்று முன்பணம் இருக்கிறது. செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் குடும்பத்தையே கட்டிப்போட அது போதும். கல்யாணச் செலவுக்கு மொத்தமாகத் தருகிறோம் என்று ஆசை காட்டி, இளம் பெண்களை நூற்பாலை விடுதிகளில் வருஷக்கணக்கில் பூட்டி வைத்த திட்டத்துக்குச் 'சுமங்கலி' என்றே பெயர் வைத்தார்களே, அந்தத் துணிச்சலை என்னவென்பது!

சட்டம் நல்ல சட்டம்தான். கடன் செல்லாது என்கிறது. அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பை முதலாளி தலையில் போடுகிறது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதே கட்டாய உழைப்பு என்று சுப்ரீம் கோர்ட்டும் 1982இல் தீர்ப்பளித்தது. ஆனால் 2016இல் மத்திய சர்க்கார் மறுவாழ்வுத் தொகையை 1 லட்சம் முதல் 3 லட்சம் ரூபாய் வரை உயர்த்திவிட்டு, முதலாளிக்குத் தண்டனை கிடைத்தால்தான் முழுத் தொகை என்று முடிச்சுப் போட்டது. உடனடி உதவி என்று கிடைப்பது சில ஆயிரம். அது தீர்ந்ததும் விடுதலையானவன் அடுத்த முன்பணத்துக்குத்தான் கை நீட்டுவான். இந்த முடிச்சு அவிழ்க்கப்பட வேண்டும்.

நம்மவர்கள் மீதும் குறை உண்டு. படத்துக்கு மாலை போட்டு, மைக்கில் பேசி, வீடு திரும்பிவிடுகிறோம். இந்த செப்டம்பர் 30இல் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தோழர்கள் கூட்டத்தைச் சாயங்காலத்துக்கு வைத்துக் கொள்ளட்டும். காலையில் சூளைகளுக்கும் விடுதி வாசல்களுக்கும் போகட்டும். யார் எவ்வளவு முன்பணம் வாங்கினார்கள், என்ன கூலி, ஊருக்குப் போக விடுகிறார்களா என்று கேட்டு எழுதட்டும். சட்டப்படி மாவட்டத்திலும் கோட்டத்திலும் இருக்க வேண்டிய கண்காணிப்புக் குழு கடைசியாக எப்போது கூடியது என்ற கேள்வியையும் சேர்த்து, அந்த மனுக்களை விருதுநகர் கலெக்டரிடம் நேரில் கொடுக்கட்டும்.