தானியக் குவியலும் கிட்டார் ஆம்ப்ளிஃபயரும்



சில வாரங்களுக்கு முன், மஃரிப் தொழுகைக்குப் பின், பள்ளிவாசல் திண்ணையில் ஒரு பேச்சு எழுந்தது. சிறுவயதில் என்னிடம் ஓதிய இளைஞர் ஒருவர் தம்முடைய கிட்டார் ஆம்ப்ளிஃபயரை விற்க இருந்தார். அதில் ஒரு பழுது இருந்தது. வாங்க வருபவரிடம் அதைச் சொல்ல வேண்டுமா என்பதே அவருடைய கேள்வி. திண்ணையில் இருந்த பெரியவர் ஒருவர், "பொருளே ஆகாத பொருள், அதை எப்படி விற்றால் என்ன?" என்றார். மற்றொருவர், "வாங்குகிறவர் நம்மவரும் இல்லை, அவர் கேட்கவும் இல்லை" என்றார். நானோ, "அவர் போட்டுப் பார்த்துத்தானே வாங்குவார், தம்பி" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். ஃபத்ஹுல் முயீன் கிதாபின் வணிகப் பகுதியை ஆண்டுதோறும் மாணவர்களுக்கு நடத்துகிறவன் சொன்ன பதில் இது. அந்த மூன்று பதில்களையும், முதன்மையாக என்னுடையதையும், மறுத்தே இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பொருளைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பழுது எங்கே ஒளிந்திருந்தது என்பது விளங்காது. பழைய வானொலிப் பெட்டியிலும், திருமண வீட்டு மைக் செட்டிலும் கண்ணாடிக் குமிழ்போன்ற வால்வுகள் ஒளிர்ந்ததை நம் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். டிரான்சிஸ்டர் வந்தபின் மற்ற எல்லாரும் அவற்றைக் கைவிட்டனர். கிட்டார் வாசிப்பவர்கள் மட்டும் கைவிடவில்லை. ஒலியை அளவுக்கு மீறி ஏற்றும்போது வால்வு சட்டென்று நொறுங்காமல் படிப்படியாகக் கரகரக்கும். அந்தக் கரகரப்பே அவர்களுக்கு வேண்டியது. ஆனால் முழு வால்வு ஆம்ப்ளிஃபயர் கனமானது, விலை மிகுந்தது, உள்ளே சில நூறு வோல்ட் மின்னழுத்தம் கொண்டது. ஆகவே, பழைய ஆம்ப்ளிஃபயர்களின் ஒலியைக் கணினிச் சில்லினால் கணக்கிட்டுப் போலி செய்யும் முறை வந்தது. 1996 இல் லைன் 6 நிறுவனம் அத்தகைய ஆம்ப்ளிஃபயரை வெளியிட்டது. பின்னர் இரண்டையும் கலந்தார்கள். வாக்ஸ் என்ற ஆங்கிலேயப் பெயரை வாங்கிக்கொண்ட ஜப்பானியக் கோர்க் நிறுவனம் 2001 இல் கொண்டுவந்த வால்வெட்ரானிக்ஸ் அப்படிப்பட்டது. அதில் கணக்கிடும் சில்லும் உண்டு, 12ஏஎக்ஸ்7 என்னும் சிறு வால்வு ஒன்றும் உண்டு. ஒலிபெருக்கியை இயக்கும் வலிமையை டிரான்சிஸ்டர்களே தருகின்றன. லைன் 6 இன் ஸ்பைடர் வால்விலோ கடைசிக் கட்டம் முழுவதும் உண்மையான வால்வுகளே. இரண்டையும் கடைத்தெருவில் 'வால்வு ஆம்ப்ளிஃபயர்' என்ற ஒரே சொல்லால் விற்கிறார்கள். இன்னும் சில தயாரிப்பாளர்கள் வால்வுக்குப் பின்னால் ஆரஞ்சு நிற விளக்கு ஒன்றை வைத்து, அது தகதகவென்று எரிவதுபோல் காட்டுகிறார்கள். (இதைக் கேட்டபோது எனக்குப் பால்காரரின் தண்ணீர்ப் பானை நினைவுக்கு வந்தது.)

இசையைப் பற்றியும் ஒரு சொல். தந்திக் கருவிகள் பற்றி நம் ஷாஃபிஈ மத்ஹபின் பெரும்பான்மையான முடிவு என்ன என்பது வாசகர்களுக்குத் தெரியும். அதை அந்த இளைஞரிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆண்டுதோறும் ஜூன் 21 அன்று, பிரான்சில் 1982 இல் தொடங்கிய இசைத் திருநாளை நம் ஊரிலும் கொண்டாடுகிறார்கள் அல்லவா. அதில் அவர் வாசிப்பதும் எனக்குத் தெரியும். மாற்றுக் கருத்துடைய சில அறிஞர்களின் பெயர்களை அவர் எனக்குப் பதிலாகச் சொல்வார். இவ்விஷயத்தில் நாங்கள் உடன்படவில்லை. ஆனாலும் அவர் என் வாசலுக்கு வருவதை நிறுத்தவில்லை. அதற்கு அல்லாஹ்வைப் புகழ்கிறேன்.

விற்பதற்கு முன்னால் அவர் அதை மதரஸாவுக்குக் கொடுத்துவிடலாமா என்று கேட்டார். நல்ல எண்ணம். எங்களிடம் இருந்த மைக்கை ஓர் இணைப்பான் மூலம் அதில் பொருத்தி, ஒரு சிறுவனை ஓதச் சொன்னேன். குரல் கம்பீரமாகத்தான் வந்தது. ஆனால் ஸீனையும் ஃபாவையும் மூன்று புள்ளி ஸாவையும் என்னால் பிரித்தறிய முடியவில்லை. மூன்றும் கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தன. கிட்டாருக்கென்று செய்யப்படும் ஒலிபெருக்கி ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் சரிந்துவிடும். கிட்டாருக்கு அது போதும், கூர்மையான ஓசைகளைக் கழித்துவிடுவதே அங்கு நன்மையும்கூட. ஆனால் மேற்சொன்ன எழுத்துகளின் அடையாளம் பெரும்பாலும் அந்த மேல்பகுதியில்தான் இருக்கிறது. தஜ்வீது கற்பிக்கும் இடத்தில் அதற்கு வேலையில்லை என்று திருப்பிக் கொடுத்தேன்.

அந்தச் சோதனையின்போதுதான் பழுதும் வெளிப்பட்டது. முக்கால் மணி நேரம் ஒழுங்காக இயங்கிய பெட்டி, நன்றாகச் சூடேறியதும் படபடவென்று வெடித்து, ஒலி தேய்ந்து மறைந்தது. அணைத்து ஆறவைத்தால் மீண்டும் முக்கால் மணி நேரம் நலம். மைக் செட் பழுதுபார்க்கும் முதியவர் ஒருவர் திறந்து பார்த்துவிட்டு, வால்வில் குறையில்லை என்றார். வால்வு என்பது பிடுங்கி மாற்றக்கூடிய பொருள். பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961 முதல் நம் நாட்டிலேயே வால்வுகளைச் செய்தது, இன்றும் வெளிநாடுகளிலிருந்து புதியவை வருகின்றன. கெட்டுப்போனது சில்லுகள் நெருக்கமாகப் பதிக்கப்பட்ட பலகை. கடற்காற்றின் உப்பு அதன் இணைப்புகளை அரித்திருந்தது. அந்த மாதிரியைத் தயாரிப்பாளர் நிறுத்திவிட்டதால் மாற்றுப் பலகை கிடைக்காது.

இப்போது என் பதிலைப் பாருங்கள். "அவர் போட்டுப் பார்த்துத்தானே வாங்குவார்." வாங்குகிறவர் பத்து நிமிடம் போட்டுப் பார்ப்பார். பழுதோ நாற்பத்தைந்தாம் நிமிடத்தில் இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலைக் கடந்து செல்கையில் அதனுள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி காரணம் சொன்னார். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டு, ஏமாற்றுகிறவரைத் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்று கடிந்துரைத்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள இந்த அறிவிப்பில் அந்த வியாபாரி பொய் சொன்னதாக ஒரு சொல்லும் இல்லை. மழை பெய்தது உண்மை. மேலே இருந்த தானியம் காய்ந்திருந்ததும் உண்மை. கையை உள்ளே விட்டுப் பார்க்க வாங்குபவர்களை யாரும் தடுக்கவும் இல்லை. என் திண்ணைப் பதிலை அந்த வியாபாரியும் அப்படியே சொல்லியிருக்க முடியும்.

என்னை அதைவிட உறுத்தியது வாஸிலா (ரலி) அவர்களின் நிகழ்ச்சி. ஒருவர் ஒட்டகம் விற்றுக்கொண்டிருந்தபோது வாஸிலா (ரலி) வேறு கவனத்தில் நின்றிருந்தார்கள். வாங்கியவர் ஓட்டிச் சென்றதும், பின்னாலேயே ஓடி, அதன் காலில் உள்ள குறையைச் சொன்னார்கள். அவர் திரும்பி வந்து விலையைக் குறைத்துக்கொண்டார். வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீரே என்று விற்றவர் நொந்தபோது, குறையை அறிந்த எவரும் அதைச் சொல்லாமல் இருப்பது ஆகுமானதல்ல என்று நபியிடம் கேட்டதைக் கூறினார்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இதை இஹ்யாவில் எடுத்துக்காட்டுகிறார்கள். இங்கே வாஸிலா (ரலி) விற்பவரும் அல்லர், வாங்குபவரும் அல்லர். பக்கத்தில் நின்றவர், குறையை அறிந்தவர். அந்தப் பெட்டி என் வகுப்பறையில்தான் வெடித்து ஓய்ந்தது. நானும் அறிந்தவனே.

"நம்மவர் இல்லை" என்ற பதிலுக்கு நீண்ட மறுப்புத் தேவையில்லை. ஹிஜ்ரத்தின் இரவில், தம்மைக் கொல்லத் திட்டமிட்ட மக்காவாசிகளின் அடைக்கலப் பொருள்களை அவரவரிடம் ஒப்படைக்க அலீ (ரலி) அவர்களை விட்டுச் சென்றவர் நம் நபி. ஹதீஸ்களில் வரும் 'சகோதரர்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு பிற சமயத்தாரை ஏமாற்ற வழி தேடுவது, வாசலைப் பூட்டிவிட்டுச் சன்னல் வழியாகத் திருடுவதுபோன்றது.

"ஆகாத பொருள்தானே" என்பதே எனக்கு மிக அபாயமான வாதமாகப் படுகிறது. ஏனெனில் அது பக்தியின் உடையில் வருகிறது. கருவியை வெறுப்பவர் அதை விற்காதே என்று சொல்லலாம். அது ஒரு நிலைப்பாடு, மதிக்கிறேன். ஆனால் 'விற்றுக்கொள், மறைத்து விற்றாலும் பரவாயில்லை' என்பது எந்த மத்ஹபின் சட்டம்? ஒரு தவற்றின்மேல் இன்னொன்றை ஏற்றினால் முதலாவது கரைந்துவிடுமா?

பழைய பொருள்களை விற்கும் செயலிகளில் 'உள்ளது உள்ளபடி, திருப்பி எடுக்கப்படாது' என்று ஒரு வரி எழுதிவிட்டால் பொறுப்புத் தீர்ந்தது என நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஷாஃபிஈ சட்டத்தில், விற்பவர் அறிந்தே மறைத்த குறைக்கு அந்த வரி காப்பாகாது. குறை வாங்குவதற்கு முன்பே இருந்ததென்றால், தெரிந்தவுடன் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் பெறும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. நம் ஊருக்கு இது புதிதும் அல்ல. பிரெஞ்சு ஆட்சியில் இங்கு வழங்கிய 1804 ஆம் ஆண்டு உரிமையியல் சட்டத்தொகுப்பின் 1641 ஆம் பிரிவு, மறைந்திருக்கும் பழுதுக்கு விற்பவரைப் பொறுப்பாக்கியது. ஆங்கிலேயரின் வழிவந்த 1930 ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டமோ, சில விலக்குகளோடு, வாங்குபவரே விழித்துக்கொள்ளட்டும் என்ற கொள்கையிலிருந்து தொடங்குகிறது. திண்ணையில் நான் பேசியது எந்தச் சட்டம் என்பது எனக்கு அன்றிரவுதான் உறைத்தது.

ஃபஜ்ர் தொழுதவுடன் அந்த இளைஞரை அழைத்தேன். "ஹஜ்ரத், நேற்று இரவே கொடுத்துவிட்டேன்" என்றார். பதினான்காயிரம் ரூபாய். லாஸ்பேட்டையைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவர் பத்து நிமிடம் வாசித்துப் பார்த்துவிட்டு மகிழ்ச்சியோடு எடுத்துச் சென்றிருக்கிறார். பணத்தில் பாதி, கடன் கொடுத்த நண்பருக்கு அப்போதே போய்விட்டது. நான் தவறாகச் சொல்லிவிட்டேன் என்றும், அவரை அழைத்து உண்மையைச் சொல்லுங்கள் என்றும் கேட்டுக்கொண்டேன். நெடுநேரம் மறுமுனையில் பேச்சே இல்லை. பிறகு, "பணத்துக்கு எங்கே போவேன், ஹஜ்ரத்?" என்றார். நியாயமான கேள்வி. தவறான பதிலைச் சொன்னவன் என்ற வகையில் பாதித் தொகையை நான் கைமாற்றாகக் கொடுத்தேன்.

ஞாயிறன்று அந்த மாணவர் பெட்டியோடு வந்தார். முக்கால் மணி நேரம் மூவரும் அதன் எதிரில் அமர்ந்திருந்தோம், சொன்னபடியே வெடித்தது. முதலில் பழைய விற்பனையை முறித்துப் பணத்தை எண்ணிக் கொடுக்கச் சொன்னேன். பிறகு விருப்பமிருந்தால் புதிதாகப் பேசிக்கொள்ளலாம் என்றேன். மாணவர் யோசித்துவிட்டு, மரப்பெட்டியும் ஒலிபெருக்கியும் போதும், வேறோர் ஆம்ப்ளிஃபயரோடு இணைத்துக்கொள்வேன் என்று நான்காயிரத்துக்குக் கேட்டார். கொடுத்துவிட்டார். இளைஞர் எனக்குத் தரவேண்டிய தொகையில் இரண்டு தவணை தந்துவிட்டார், இன்னும் மூன்று இருக்கின்றன. திண்ணைப் பெரியவர் மட்டும் இன்னமும் உடன்படவில்லை. வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் கிதாபை எடுத்து வருவதாக அவரிடம் சொல்லியிருக்கிறேன்.