மூன்றாம் வகுப்புவரை உலகம் வேண்டாமா?

எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றையும் முன்னிறுத்தி, சூழ்நிலையியலை மொழிப் பாடத்துக்குள் கரைத்துவிட்ட முடிவு இன்னும் அப்படியே தொடர்கிறது. 2022 ஜூனில் திட்டம் தொடங்கியபோது, கொரோனா கால இழப்பை ஈடுகட்டும் அவசர ஏற்பாடு என்று ஆசிரியர்களும் பெற்றோரும் பொறுத்துக்கொண்டார்கள். 2025-க்குள் எட்டு வயதுப் பிள்ளைகள் எல்லோரும் பிழையின்றி வாசிக்க வேண்டும் என்பது இலக்கு. கெடு முடிந்தது, அவசர ஏற்பாடு மட்டும் நிரந்தரமாகிவிட்டது. அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைகளுக்குப் பெயர் வைப்பதில் காட்டிய அக்கறையில் கால் பங்கை, அந்தப் பிள்ளை எதை வாசிக்கப்போகிறது என்பதில் காட்டியிருக்கலாம். இணைத்துத்தானே இருக்கிறோம் என்பது மேலிடத்தின் பதில். இணைப்பு என்றால் நடைமுறையில் என்ன ஆகிறது? ஆறும் மழையும் பறவையும் எழுத்துப் பயிற்சிக்கு வாய்த்த படங்களாகிவிடுகின்றன. ஒரு பொருளைப் பற்றிப் பத்து வரி தொடர்ந்து வாசித்து, புதிதாக ஒன்றைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு அந்த வயதில் அநேகமாக இல்லை.

எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளைக்கு அணைக்கட்டைப் பற்றிய கட்டுரை எதற்கு என்று கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. இரண்டாம் வகுப்புப் பத்தியை வாசிக்கத் தெரிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தமிழகக் கிராமங்களில் 2018-இல் 10.2 சதவீதம், 2022-இல் அது 4.8 ஆகச் சரிந்ததாக அசர் ஆய்வு சொன்னது. ஆனால் எழுத்தை ஒலியாக்கத் தெரிவது வாசிப்பில் பாதிதான். 1988-இல் அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்ற ஆய்வாளர்கள் இருவரும் நடுநிலைப் பள்ளி மாணவர்களிடம் பேஸ்பால் ஆட்டம் பற்றிய பத்தியைக் கொடுத்துப் பார்த்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தும் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசித்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிடக் கூடுதலாகப் புரிந்துகொண்டார்கள். நெல் நாற்று, மதகு, கால்வாய் என்று விஷயம் தெரிந்த பிள்ளைக்குச் சொல் பிடிபடுகிறது. தெரியாத பிள்ளை ஒலியை மட்டும் எழுப்புகிறது. அமெரிக்காவிலும் நிலைமை ஒன்றும் வாழவில்லை. பாஸ்டன் வட்டாரத்தில் முதல் வகுப்பின் 20 வகுப்பறைகளைக் கவனித்த ஆய்வாளர் நெல் டியூக், தகவல் நூல்களுக்குக் கிடைத்த நேரம் நாளுக்குச் சராசரி 3.6 நிமிடம் என்று 2000-இல் எழுதினார். அவர்கள் அதை அளந்தாவது பார்த்தார்கள்.

குழந்தைக்குக் கதைதான் பிடிக்கும் என்பது அடுத்த சமாதானம். கதையை யாரும் பறிக்கச் சொல்லவில்லை. ஆனால் பிள்ளைகளிடம் கேள்விகளும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18-இல் தாமிரபரணி ஊருக்குள் புகுந்தபோது அங்கன்வாடியில் இருந்த பிள்ளைகள்தான் இன்று தொடக்க வகுப்புகளில் இருக்கிறார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது ஏன், பாபநாசம் அணையை ஏன் திறக்கிறார்கள், தண்ணீர் எங்கே வடியும் என்பதெல்லாம் அவர்கள் வீட்டில் கேட்ட கேள்விகள். அவற்றுக்குப் பதில் சொல்லும் ஒரு பக்கம் பெரிய எழுத்தில் வகுப்பறையில் இருக்கக்கூடாதா? கார் சாகுபடிக்கும் பிசான சாகுபடிக்கும் என்ன வித்தியாசம், கன்னடியன் கால்வாய் எந்தெந்த ஊருக்குப் பாய்கிறது, பத்தமடைப் பாய்க்குக் கோரையை எப்படிப் பக்குவப்படுத்துகிறார்கள், கூந்தன்குளத்துப் பறவைகள் எங்கிருந்து வருகின்றன என்று இந்தப் பள்ளத்தாக்கில் எழுதுவதற்குப் பஞ்சமே இல்லை. சிவகளை முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021-இல் சட்டமன்றத்தில் பெருமையோடு அறிவித்தார்கள். ரெட்டியார்பட்டியில் பொருநை அருங்காட்சியகமும் எழும்பிவிட்டது. பேருந்தில் அங்கே அழைத்துப்போகும் பிள்ளை, கண்ணாடிப் பெட்டிக்குக் கீழே இருக்கும் நான்கு வரியை வாசிக்க எங்கே பழகியிருக்கிறது?

எழுத ஆளில்லை என்று மட்டும் நெல்லையிடம் சொல்ல வேண்டாம். பாளையங்கோட்டையில் பணியாற்றிய ரேனியஸ், தமிழில் பூமி சாஸ்திரம் வெளியிட்டது 1832-இல். 1891-இல் பெருங்குளத்தில் பிறந்த பெ.நா. அப்புசாமி வாழ்நாள் முழுவதும் அறிவியலை எளிய தமிழில் எழுதினார். நெல்லைக்கு வெளியே, பெரியசாமித் தூரன் குழந்தைகளுக்கென்றே பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியத்தை 1968 முதல் 1976 வரை கொண்டுவந்தார். இவ்வளவையும் வைத்துக்கொண்டு, ஏழு வயதுப் பிள்ளைக்கு மழையைப் பற்றிப் பத்து வரி இல்லை என்கிறோம்.

பிள்ளைகளின் வாசிப்பை இப்படி அலட்சியப்படுத்துவது மேலிடத்துக்குப் புதிதல்ல. ஆட்சிகள் மாறும், நாற்காலியின் குணம் மாறாது. 2011-இல் சமச்சீர்ப் பாடநூல்கள் அச்சாகிக் கட்டுக்கட்டாகக் கிடந்தபோது, அவற்றைக் கொடுக்காமல் நீதிமன்றத்துக்கு அலைந்தவர்கள் யார்? ஆகஸ்ட் 9-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்ட பிறகுதான் பிள்ளைகள் கைக்கு நூல் வந்தது, அதுவும் பிடிக்காத பக்கங்களில் தாள் ஒட்டப்பட்டு. அதே ஆண்டு நவம்பரில் அண்ணா நூற்றாண்டு நூலகத்தையே காலி செய்யத் துணிந்தார்கள். உயர் நீதிமன்றம் தடுத்தது. செயல்வழிக் கற்றல் அட்டைகளை ஊரெல்லாம் இறக்கிவிட்டு, பிறகு கவனிப்பாரின்றி விட்டார்கள். புத்தகப் பூங்கொத்துத் திட்டத்தில் வந்த நூல்கள் பல பள்ளிகளில் பீரோவை விட்டு வெளியே வரவில்லை. கிழிந்தால் யார் கணக்குச் சொல்வது என்ற பயம். ஒவ்வொரு முறையும் திட்டத்துக்குப் புதுப் பெயர், தொடக்க விழா, பதாகை. முந்தையது ஏன் தோற்றது என்று ஒரு பக்க அறிக்கைகூட யார் கண்ணிலும் படுவதில்லை. கேட்டால் தரவு செயலியில் ஏற்றப்பட்டுவிட்டது என்பார்கள். கைப்பேசியில் மதிப்பீட்டைப் பதிவு செய்து முடிப்பதற்குள் பாட வேளை முடிந்துவிடுகிறது என்பது தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் சொல்லிச் சலித்த புகார்.

சூழ்நிலையியலுக்கு உரிய இடத்தை ஏதாவது ஒரு வடிவில் திருப்பிக் கொடுக்கட்டும். தனிப் பாட வேளையாகவோ, வட்டாரத்தை அறிந்த ஆசிரியர்கள் எழுதும் சிறு நூல்களாகவோ, எப்படி என்பதைப் பள்ளிகளைக் கேட்டு முடிவு செய்யட்டும். சென்னையில் இன்னொரு குழுவும், கைப்பேசியில் இன்னொரு செயலியும் மட்டும் வேண்டாம்.