வேலை எங்கே போய்விடப் போகிறது?

அக்டோபர் பிறந்தால் போதும், கம்பெனி வாசல்களில் இளஞ்சிவப்பு பலூன் தொங்கும். மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதமாம். மேடையில் ஒருவர் மைக்கைப் பிடித்து, "முதல்ல உடம்பைப் பாருங்கம்மா, வேலை எங்கே போயிடப் போகுது?" என்பார். கைதட்டல் பறக்கும். வருஷா வருஷம் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. பேசுகிறவர் மாறுகிறார், வசனம் மாறவில்லை. சொல்கிறவர் எவரும் ஒருநாள் கூலி போனால் அடுப்பு எரியாத வீட்டுக்காரர் இல்லை என்பதை மட்டும் கவனித்து வைத்திருக்கிறேன்.

எங்கே போகும் என்று நான் சொல்கிறேன். திருப்பூரில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிற பெண் நாலு நாள் வரவில்லை என்றால், ஐந்தாம் நாள் அவள் மிஷினில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள். அங்கேதான் போகும்.

நோய் வந்தவருக்கு ஓய்வே மருந்து என்பது மேடையில் பேசுகிறவர்களுடைய முதல் வாதம். எத்தனை நாள் ஓய்வு என்பதை டாக்டர் சொல்லட்டும், மேனேஜர் சொல்ல வேண்டாம்.

சட்டம் காப்பாற்றும் என்பது அடுத்தது. எந்தச் சட்டம்? தொடர் உடல்நலக் குறைவைக் காரணம் காட்டி ஒருவரை அனுப்பினால் அது ஆட்குறைப்பே ஆகாது என்று விதிவிலக்கு எழுதிவைத்திருந்ததுதான் 2025 வரை நடப்பில் இருந்த 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 குறைபாடுகளைப் பட்டியல் போட்டது. புற்றுநோய் அதில் இல்லை. பிரிட்டனின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டமோ, நோய் உறுதியான நாளிலிருந்தே நோயாளியைப் பாதுகாப்புக்குள் கொண்டுவந்துவிடுகிறது.

தொழிலாளர் காப்பீடான ஈஎஸ்ஐ இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, நல்ல திட்டம்தான். ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீதக் கூலி. புற்றுநோய் போன்ற நீண்டகால நோய்களுக்கு 80 சதவீதம், அதிகபட்சம் 2 ஆண்டு. ஆனால் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், அந்த 80 சதவீதத்துக்கு 2 ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்திருக்கவும் வேண்டும். ஈஎஸ்ஐயே பிடிக்காத யூனிட்டில் தைக்கிறவளுக்கு இந்தக் கணக்கெல்லாம் எதற்கு?

எனக்கு ஆத்திரமூட்டுவது அடுத்த வாதம்: "சிகிச்சைதான் இலவசமாச்சே." முதலமைச்சர் காப்பீடு ஆஸ்பத்திரி பில்லைக் கட்டும், வீட்டு வாடகையைக் கட்டாது. கரண்ட் வைப்பது, அதாவது கதிர்வீச்சு சிகிச்சை, சில நிமிஷ வேலை. ஆனால் வாரத்துக்கு 5 நாள் வீதம் பல வாரம் போக வேண்டும். பஸ், வரிசை, காத்திருப்பு என்று பாதி நாள் போகும். மீதிப் பாதி நாளுக்கு வேலை கொடுத்தால் பாதிக் கூலியாவது மிஞ்சும். கொடுக்க மாட்டார்கள். கீமோ பெரும்பாலும் 21 நாளுக்கு ஒருமுறை வரும். ஊசி போட்ட முதல் சில நாள்தான் ஆளைப் படுக்கப்போடும், பிறகு மெல்ல எழுந்து நடமாடுவார்கள். ஷிப்மென்ட் தேதியை மூன்று மாதம் முன்பே கணக்குப் போடுகிற நிர்வாகத்துக்கு இந்த 21 நாள் கணக்கு மட்டும் புரியாதாம். சில மருந்துகளால் விரல் நுனி மரத்துப்போகும். அக்குளில் நெறிக்கட்டி எடுத்தவர்களுக்குக் கை வீங்கலாம். அப்படிப்பட்டவரைத் தையலிலிருந்து செக்கிங்குக்கு மாற்ற எத்தனை லட்சம் செலவாகும்? பலூன் செலவுகூட ஆகாது.

ஆபீஸ் வேலைக்காரர்களுக்கு வேறு கண்ணி. அவர்களுடைய குழுக் காப்பீடு வேலையோடு கட்டப்பட்டது. "வேலையை விட்டுட்டு உடம்பைப் பாருங்க" என்று அனுதாபத்தோடு அனுப்பிவைக்கிறார்கள். அடையாள அட்டையோடு அந்தக் காப்பீடும் கைவிட்டுப் போகிறது. புதிதாகப் பாலிசி எடுக்கப் போனால் தருவதே அபூர்வம். தந்தாலும், முன்பே இருந்த நோய்க்கு 3 ஆண்டு வரை காத்திருக்கச் சொல்லலாம். உடம்பைப் பார்க்கச் சொன்னவர்களே பார்ப்பதற்கான காசைப் பிடுங்கிக்கொள்கிறார்கள்.

மன உறுதி இருந்தால் போதுமாம். அதைக் காட்டி பேங்கில் தவணை கட்ட முடிந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

நோயென்று தெரிந்த வாரத்தில் யாராவது அன்பொழுகப் பேசி ராஜினாமாக் கடிதம் கேட்டால் எழுதிக் கொடுக்காதீர்கள். மருத்துவ விடுப்பு விண்ணப்பத்தை எழுத்தில் கொடுங்கள், ஒரு நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கி வீட்டில் பத்திரமாக வையுங்கள்.