பகிரும் முன் ஸ்கேலை எடுங்கள்



2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் மருத்துவக் கல்லூரி விடுதி மேல் விழுந்தது. விமானத்தில் 241 பேர், தரையில் 19 பேர், ஆக 260 உயிர்கள் போயின. அந்தப் படங்களை வைத்து, "இவ்வளவு பெரிய விமானம் மோதியும் கட்டடம் நிற்கிறதே, எல்லாம் நாடகம்" என்று யாராவது அனுப்பினால் உடனே நம்பிவிடாதீர்கள். 2001இல் பென்டகனில் விமானம் மோதியபோதும் இதே கேள்விதான் கிளம்பியது. பதில் நீங்கள் ஏழாம் வகுப்பில் போட்ட விகிதக் கணக்கில் இருக்கிறது.

படத்தில் அளவு தெரிந்த ஒரு பொருளைத் தேடுங்கள். கதவு என்றால் ஏறக்குறைய 7 அடி. படத்தில் கதவு 1 செ.மீ., உடைப்பு 3 செ.மீ. என்றால் உடைப்பு 21 அடி. ஒரு நிபந்தனை: கதவும் உடைப்பும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். வைகை அணைக்கு முன்னால் நிற்கும் பேரன், படத்தில் அணையைவிட உயரமாகத் தெரிவான் அல்லவா?

அடுத்து, எதை எதோடு ஒப்பிடுகிறோம்? அந்த போயிங் 787-8இன் இறக்கை நுனிக்கு நுனி 60 மீட்டர்; மூன்று கிரிக்கெட் பிட்ச் நீளம். ஆனால் அதன் உடல் அகலம் 6 மீட்டர்கூட இல்லை. வால் பகுதியும் வலது பக்கச் சக்கரத் தொகுதியும் முதல் கட்டடத்தின் சுவரில் செருகி நின்றன, மற்றவை முன்னே பாய்ந்தன, சிதறல் சுமார் 1000 அடிக்கு 400 அடி பரப்பில் கிடந்தது என்கிறது முதற்கட்ட விசாரணை அறிக்கை. வால் செருகிய சுவரில் இறக்கை அகலத்துக்கு ஓட்டை தேடினால் எப்படிக் கிடைக்கும்?

இதே ஸ்கேல் மறுபக்கமும் வெட்டும். அந்த வாரம் செயற்கை நுண்ணறிவில் செய்த போலிப் படங்களும் சுற்றின. மனிதர், ஜன்னல், விமானம் மூன்றின் அளவும் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால் அந்தப் படத்தைச் சந்தேகியுங்கள்.

ஆனால் ஸ்கேல் அளவைத்தான் சொல்லும். விபத்து ஏன் நடந்தது என்பதைக் கறுப்புப் பெட்டியும் விசாரணையும்தான் சொல்ல வேண்டும். ஒரு படத்தை வைத்துக்கொண்டு விமானியைக் குற்றவாளி ஆக்குவதும் தவறுதான்.

பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்காரரின் கைப்பேசிக்கும் நாம் அனுப்பும் செய்தி ஒரு நாள் போய்ச் சேரும். "நாடகம்" என்ற சொல் அவர்களை என்ன செய்யும்? பகிர ஒரு நொடி போதும். அளந்து பார்க்க இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடத்தைச் செலவழியுங்கள், பிள்ளைகளா.