மலை அருகே ஒரு வீடு

செம்பூரில் வாழும் அன்பர் ஒருவர் சென்ற மாதம் நமக்கு நீண்ட கடிதம் எழுதியிருந்தார். மலையேற்றத்தில் அவருக்கு அளவிறந்த பற்று. மழைக்காலம் பிறந்துவிட்டால் ஞாயிறுதோறும் விடியுமுன் எழுந்து, குர்லாவில் வண்டி மாறி, நேரலுக்கோ கர்ஜத்துக்கோ போய்விடுவார். 'இப்படி வாரந்தோறும் ஓடுவானேன்? நேரலிலேயே ஒரு வீடு வாங்கிவிட்டால் கண் விழித்தவுடன் மாதேரான் மலை தெரியுமே. அங்கே வீட்டு விலையும் குறைவு. தங்கள் கருத்து என்ன?' என்பது அவருடைய கேள்வி.

கடிதத்தின் நடுவே சில செய்திகளும் இருந்தன. அவருக்குக் கோட்டைப் பகுதியில் கணக்கர் வேலை. மனைவி மாட்டுங்காவில் ஒரு பள்ளியில் ஆசிரியை. மகள் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள். எழுபத்து நான்கு வயதான தந்தையார் உடன் இருக்கிறார். கடைசி வரி இது: 'என் மனைவிக்கு மட்டும் இதில் முழுச் சம்மதம் இல்லை.'

அந்தக் கடைசி வரிதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று.

மும்பைக்கு வந்து குடியேறிய நம்மவர்களுள் இயற்கையை நாடுவோர் தொகை ஆண்டுதோறும் பெருகி வருகிறது. இது மகிழ்ச்சிக்குரியதே. நான்கு சுவர்களுக்குள் அடைபட்டு, மின்சார ரயிலில் நசுங்கி, வானத்தின் ஒரு துண்டையே கண்டு வாழும் மக்களுக்குக் காட்டின் காற்று மருந்தாகும். அந்த மருந்து இந்நகரைச் சுற்றிலும் ஏராளமாக உண்டு. நகரின் எல்லைக்குள்ளும் அதை ஒட்டியுமாகச் சுமார் 104 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா இருக்கிறது. கிழக்கே சென்றால் சஹ்யாத்ரி மலைத்தொடர் சுவர்போல் எழுந்து நிற்கிறது. தெற்கே பன்வேலுக்கு அப்பால், கட்டைவிரலை நிமிர்த்தியது போன்ற பாறையுடன் கர்நாளா கோட்டையும் அதைச் சூழ்ந்த பறவைகள் சரணாலயமும் உள்ளன. தாணே கடற்கழி 2015-ல் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022-ல் ராம்சார் பட்டியலிலும் இடம் பெற்றது.

எங்கும் இயற்கை உண்டு என்றால், எங்கே குடியிருப்பது? இதற்கு விடை காண்பதற்கு முன் நாம் நம்மையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். நமக்கு வேண்டியது நாள்தோறும் கிடைக்கும் இயற்கையா, வாரத்துக்கு ஒரு முறை கிடைக்கும் இயற்கையா? காலையில் அரைமணி நேரம் மரங்களுக்கு இடையே நடப்பது ஒன்று. ஞாயிறன்று கோட்டை ஏறுவது மற்றொன்று. முதலாவதற்கு வீட்டின் இருப்பிடம் முக்கியம். இரண்டாவதற்கு ரயில் நிலையத்தின் இருப்பிடமே முக்கியம். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வோர்தாம் பின்னால் வருந்துகிறார்கள்.

வருந்தியவர்களுள் நானும் ஒருவன் என்பதை ஒளிப்பானேன்? இருபது ஆண்டுகளுக்கும் முன்பு, மலை ஆசையால், வி.டி. நிலையத்திலிருந்து சுமார் 68 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பத்லாபூரில் வீடு வாங்கினேன். மாடியில் நின்றால் சந்தேரி மலையின் உச்சி தெரியும். வந்தவர்களையெல்லாம் மாடிக்கு அழைத்துச் சென்று அதைக் காட்டுவேன். ஆனால் நானும் என் மனைவியும் நகரத்துக்கு வேலைக்குப் போய் வரவேண்டும். வீட்டு வாசலிலிருந்து அலுவலக வாசலுக்கு இரண்டு மணி; திரும்பி வர இரண்டு மணி. ஞாயிறு வந்தால் உடம்பு படுக்கையைத் தேடிற்று. முதல் ஆண்டு முடிவில் மலைக்குப் போன நாட்களை எண்ணிப் பார்த்தேன். ஏழு! மாட்டுங்காவில் வாடகை வீட்டில் இருந்தபோது ஆண்டுக்கு இருபது தடவைக்குக் குறையாமல் போனவன் நான்.

2005 ஜூலை 26-ஆம் நாளை இந்நகரத்தார் எவரும் மறக்க மாட்டார்கள். சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டிய நாள். ரயில்கள் நின்றுபோயின. அன்று விடுமுறையில் இருந்த நான் இரண்டு சிறு குழந்தைகளுடன் வீட்டில் இருந்தேன். என் மனைவி அலுவலகத்திலேயே இரவைக் கழித்து, மூன்றாம் நாள் மாலை, பாதி தூரம் நடந்தும் பாதி தூரம் கிடைத்த வண்டியில் தொற்றியும் வீடு வந்து சேர்ந்தாள். ஒரு கடுஞ்சொல்லும் சொல்லவில்லை. கால்களைக் கழுவிக்கொண்டே, 'உங்கள் மலை நன்றாக இருக்கிறதா?' என்று மட்டும் கேட்டாள். அடுத்த ஆண்டே நாங்கள் முலுண்டுக்குக் குடிபெயர்ந்தோம்.

இனி, அன்பரின் கணக்கைப் பார்ப்போம். நேரல் சுமார் 87 கிலோமீட்டர் தொலைவு. செம்பூரிலிருந்து அங்கே போய்வர ஞாயிறன்று ஏறக்குறைய மூன்றரை மணி நேரம் ஆகும். நேரலில் குடியிருந்தால் அது மிச்சம். ஆனால் செம்பூரிலிருந்து கோட்டைக்கு முக்கால் மணியில் போகிறவர், நேரலிலிருந்து போக இரண்டு மணி வேண்டும். நாள் ஒன்றுக்கு இரண்டரை மணி கூடுதல்; ஆறு நாட்களுக்குப் பதினைந்து மணி. மூன்றரை மணியை மிச்சம் பிடிக்கப் பதினைந்து மணியைச் செலவிடுவது எந்தக் கணக்கரும் ஒப்பக்கூடிய கணக்கன்று.

அவருடைய மனைவியின் கணக்கோ இன்னும் கடினம். பள்ளி காலை ஏழு மணிக்குத் தொடங்குமானால், ஐந்து மணிக்கு முன்பே அம்மையார் வண்டியில் இருக்க வேண்டும். மாட்டுங்காவில் விரைவு வண்டிகள் நிற்பதில்லை. இடையில் மாறவும் வேண்டும். ஐவர் அல்ல, நால்வர்தாம் வீட்டில் என்றாலும், சமையல் முடித்து, மாமனாருக்கு மருந்து எடுத்து வைத்து, மகளை எழுப்பிவிட்டுப் புறப்பட, மூன்றரை மணிக்கு எழுந்தாக வேண்டும். கணவர் கண் விழித்து மாதேரானைக் காணும்போது மனைவி டோம்பிவிலியைத் தாண்டிக்கொண்டிருப்பார். 'முழுச் சம்மதம் இல்லை' என்று அவர் சொன்னது மிகவும் பொறுமையான சொல் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அப்படியானால் மலை ஆசையை விட்டுவிட வேண்டுமா? வேண்டியதில்லை. நடுவழி ஒன்று உண்டு.

மத்திய ரயில் பாதை கல்யாணில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை கசாராவுக்குப் போகிறது. மற்றொன்று கர்ஜத்துக்குப் போகிறது. கசாராக் கிளை, மகாராஷ்டிரத்தின் மிக உயர்ந்த சிகரமான 1,646 மீட்டர் கள்சுபாயின் திசையில் நம்மைக் கொண்டு சேர்க்கும். கர்ஜத் கிளை மாதேரானுக்கும் ராஜ்மாச்சிக்கும் வழி. ஆகவே ஒரு கிளையின் கோடியில் போய் உட்கார்ந்துகொண்டால் மறு கிளையை இழந்தவர்களாவோம். கல்யாணுக்கு இப்பால் இருந்தால் இரண்டும் நம்முடையவை. மேலும் காலைக் கூட்டம் நகரை நோக்கியே செல்கிறது. மலைக்குப் போகிறவர் அதற்கு எதிர்த் திசையில் போகிறவர். அவருக்கு உட்கார இடமும் சன்னல் காற்றும் கிடைக்கும்.

இவ்வகையில் முலுண்டு, தாணே ஆகிய இரண்டும் சிறந்தவை. தாணே, வி.டி.யிலிருந்து 34 கிலோமீட்டர். 1853 ஏப்ரல் 16-ஆம் நாள் இந்நாட்டின் முதல் பயணி ரயில் போய்ச் சேர்ந்த ஊர் அதுவே. அங்கிருந்து கோட்டைக்கு ஏறக்குறைய ஒரு மணி. நேரலுக்கு ஒரு மணிக்குச் சற்று மேல். பன்வேலுக்கும் நேரே வண்டி உண்டு. கர்நாளாவுக்குப் போகிறவர்களுக்கு இது பெரும் வசதி. நாள்தோறும் நடக்க ஏரிக்கரைகள் பல. உப்வன் ஏரிக்குப் பின்னால் ஏவூர்க் குன்றுகள் எழுகின்றன. அவை தேசியப் பூங்காவின் கிழக்கு ஓரம். முலுண்டின் மேற்குப் பகுதியும் அக்குன்றுகளின் அடிவாரமே. இரண்டு ஊர்களிலும் நம்மவர் பல்லாண்டுகளாக வாழ்கின்றனர். தோசை மாவுக்கும் கறிவேப்பிலைக்கும் அலைய வேண்டியதில்லை.

போரிவிலி அன்பர்கள் கோபிக்கலாம். நூற்றுக்கு மேற்பட்ட குகைகளையும், பாறையில் வெட்டிய நீர்த்தொட்டிகளையும் கொண்ட கன்ஹேரி அவர்களுடைய கொல்லைப்புறத்தில் இருக்கிறதே என்பார்கள். உண்மை. நாள்தோறும் காட்டோரம் நடக்க விரும்புவோருக்கும், மேற்குப் பாதையில் வேலை உள்ளோருக்கும் போரிவிலியே முதல் இடம். ஆனால் சஹ்யாத்ரிக்குப் போக அவர்கள் தாதர் வரை வந்து வண்டி மாற வேண்டியிருக்கிறது.

காட்டோரம் வீடு பார்ப்போர் சிறுத்தையைப் பற்றியும் அறிந்துகொள்ள வேண்டும். தேசியப் பூங்கா அவற்றின் வீடு. 2004-ல் பூங்காவைச் சுற்றிலும் பலர் சிறுத்தையால் உயிரிழந்தனர். குப்பை சேரும் இடத்தில் நாய்கள் சேர்கின்றன. நாய்களைத் தேடிச் சிறுத்தை வருகிறது. சிறுத்தையைப் பிடித்து வேறிடத்தில் விடுவதால் தொல்லை தீர்வதில்லை, அதிகமாவதும் உண்டு என்பதை ஜுன்னர் வட்டாரத்தில் வித்யா ஆத்ரேயா முதலியோர் செய்த ஆய்வு காட்டிற்று. ஆகவே வீடு பார்க்கும்போது மலைக்காட்சியைப் பார்ப்பதோடு, பின்புறம் போய்க் குப்பைத் தொட்டியையும் பாருங்கள். வெளியே விளக்கு உண்டா என்று பாருங்கள். அந்தி சாய்ந்தபின் குழந்தைகளைத் தனியே விளையாட விடாதீர்கள்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு சொல். புறநகர்களில் புதிய குடியிருப்புகள் பல கோடையில் லாரித் தண்ணீரை நம்பி வாழ்கின்றன. விற்பவரைக் கேட்டால் 'இருபத்து நான்கு மணி நேரமும் தண்ணீர்' என்பார். அங்கே குடியிருக்கும் ஒரு பெண்மணியைக் கேளுங்கள். மே மாதத்துக் கதையை அவர் சொல்வார். ஆற்றோரத்து வீடுகளில் வேறு வகைத் துன்பம். 2019 ஜூலை 27 அன்று உல்லாஸ் ஆற்று வெள்ளத்தில், பத்லாபூருக்கும் வாங்கணிக்கும் இடையே மகாலட்சுமி எக்ஸ்பிரஸ் சிக்கிக்கொண்டது. அதில் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் படகுகளில் மீட்டனர். ஏப்ரலில் அழகாகத் தோன்றும் ஆற்றங்கரை ஜூலையில் எப்படி இருக்கும் என்பதை ஏப்ரலில் அறிய இயலாது.

எனவே நான் சொல்லும் முதல் யோசனை இதுவே: வாங்காதீர்கள், முதலில் வாடகைக்குப் போங்கள். இந்நகரத்தில் பதினொரு மாத ஒப்பந்தம் எங்கும் நடைமுறையில் உள்ளது. அந்தப் பதினொரு மாதத்துக்குள் ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் முழுவதும் அடங்கும்படி மார்ச்சிலோ ஏப்ரலிலோ குடி போங்கள். நேரலில் தங்கும் ஆசை தீராவிடில், தீபாவளி விடுமுறையில் நான்கு நாட்கள் தங்கி வாருங்கள்.

இரண்டாவது யோசனை: வீட்டிலுள்ள ஒவ்வொருவருடைய நாளையும் ஒரு தாளில் எழுதுங்கள். தந்தையாருக்கு நள்ளிரவில் மூச்சுத் திணறினால் எத்தனை நிமிடத்தில் மருத்துவமனை? அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதும் மகளுக்குப் பள்ளி எங்கே? ஞாயிறு காலை நம் சங்கத்தில் நடக்கும் தமிழ் வகுப்பு என்னாவது? இதை நான் வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. வாரத்தில் ஒரே ஒரு ஞாயிறுதான் உண்டு. கோயிலும், தமிழும், உறவினர் வீட்டுத் திருமணமும், மலையும் அந்த ஒரு நாளுக்காகவே போட்டி போடுகின்றன. மாதத்தில் இரண்டு ஞாயிறு மலைக்கு, இரண்டு ஞாயிறு மற்றவற்றுக்கு என்று வகுத்துக்கொண்ட குடும்பங்களை நான் அறிவேன். மகளையும் ஒரு ஞாயிறு மலைக்கு அழைத்துப் போகலாமே.

மூன்றாவது யோசனை அன்பருக்கு மட்டும். வீடு பார்க்கும் பொறுப்பை மனைவியாரிடம் ஒப்படையுங்கள். அவர் தம் பள்ளிக்குப் போகும் நேரத்தில், தாணேயிலிருந்தோ முலுண்டிலிருந்தோ ஒரு வாரம் போய் வந்து பார்க்கட்டும். அங்கே உறவினர் யாரேனும் இருந்தால் அவர் வீட்டிலிருந்தே இதைச் செய்யலாம். அவர் 'சரி' என்றால் அது முழுச் சம்மதம். 'வேண்டாம்' என்றால் செம்பூரிலேயே இருங்கள். குர்லாவில் வண்டி மாறுவது அப்படியொன்றும் பெருந்துன்பம் அன்று.

நாங்கள் முலுண்டில் குடியேறிப் பல மழைக்காலங்கள் கடந்துவிட்டன. எங்கள் வீட்டு மாடியிலிருந்து மலையுச்சி தெரிவதில்லை. எதிர்வீட்டுத் துணிக்கொடிதான் தெரிகிறது. ஆயினும் சென்ற ஆண்டு இருபத்திரண்டு முறை மலைக்குப் போய் வந்தேன். அவற்றுள் ஒன்பது முறை என் மனைவியும் உடன் வந்தாள்.