அசையாமல் படுத்திரு என்று புலிக்கு யார் சொல்லுவது?



சென்ற மாதம் நம்முடைய சபையின் சகோதரர் ஒருவரைப் பார்க்க மருத்துவமனைக்குப் போயிருந்தேன். கட்டிட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, தகடு வைத்துத் திருகாணி முடுக்கியிருந்தார்கள். மூன்று மாதம் காலை ஊன்றக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தும், ஐந்தாம் வாரத்திலேயே சிமெண்டு மூட்டை சுமக்கப் போய்விட்டார். தகடு இரண்டாக ஒடிந்து, இப்போது மறுபடியும் அதே படுக்கை. "இரும்புகூடவா பாஸ்டர் உடையும்?" என்று அவருடைய மனைவி கண்ணீரோடு கேட்டார்கள்.

அந்தக் கேள்வியை யோசித்துக்கொண்டே வீடு திரும்புகையில், மிருகக்காட்சி சாலைகளில் மிருகங்களுக்குச் செய்யப்படும் எலும்பு அறுவை சிகிச்சைகளைப் பற்றி வாசித்தவை நினைவுக்கு வந்தன. விடை அங்கேதான் மிகத் தெளிவாக இருக்கிறது.

புலிக்கோ குரங்குக்கோ எலும்பு முறிந்தால், பெரும்பாலும் மனிதருக்கு வைக்கிற அதே வகைத் தகடுகளும் ஆணிகளுமே வைக்கப்படுகின்றன. முறிந்த எலும்பைத் தகட்டால் இறுக்கிப் பிடிக்கும் முறையை 1958 முதல் சுவிட்சர்லாந்தில் ஒரு மருத்துவர் குழு ஒழுங்குபடுத்தியது. அது மனிதருக்கும் மிருகங்களுக்கும் பயன்பட்டு வருகிறது. பறவைகளுக்கு மாத்திரம் வேறு கவனம் வேண்டும். அவற்றின் எலும்பு மெல்லியது, எளிதில் நொறுங்கும். மேற்சிறகின் எலும்போ சுவாசப் பைகளோடு இணைந்த வெறும் குழல். அதைக் கழுவ ஊற்றும் தண்ணீர் சுவாசத்தில் கலந்துவிடும் அபாயமுண்டு. ஆனாலும் பறவையின் எலும்பு ஏறக்குறைய மூன்று வாரத்தில் கூடிவிடுகிறது! நமக்கு மாதங்கள் ஆகும்.

மயக்க ஊசியைத் தூரத்திலிருந்து எய்து, அறுத்து, தகடு வைத்துத் தைப்பதோடு பாதி வேலைதான் முடிகிறது. மிருகம் விழித்த பிறகுதான் மீதிப் பாதி. கட்டைக் கடித்துப் பிய்க்கும், தையலைப் பிரிக்கும். ஆகவே சிறிய கூண்டில் வைத்து, ஏறிக் குதிக்க இடமில்லாதபடி பலகைகளை அகற்றி, மாத்திரையை இறைச்சிக்குள் மறைத்துக் கொடுக்கிறார்கள். இத்தனை செய்தும் தவறுவதுண்டு. 2021 ஜனவரியில் சிக்காகோ அருகேயுள்ள புரூக்ஃபீல்டு மிருகக்காட்சி சாலையில், பத்து வயதுள்ள மலேனா என்னும் அமூர் புலிக்குச் செயற்கை இடுப்பு மூட்டு பொருத்தினார்கள். மறுநாளே பொருத்திய பாகம் இடம் பெயர்ந்துவிட்டது. மறுபடியும் மயக்கம், மறுபடியும் அறுவை.

இதைவிடத் துக்கமானது பார்பாரோ என்னும் பந்தயக் குதிரையின் கதை. குதிரைப் பந்தயத்தை நாம் ஆதரிக்கிறதில்லை. ஆனாலும் அந்தக் குதிரைக்கு நடந்ததைச் சொல்லாமல் விட முடியவில்லை. 2006 மே 20 அன்று அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஓடும்போது அதன் வலது பின்னங்கால் நொறுங்கிப்போனது. மறுநாள் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனையில் ஒரு தகடும் 27 திருகாணிகளும் வைத்துச் சேர்த்தார்கள். மயக்கம் தெளியும்போது உதைத்துக்கொள்ளாதபடி, மிதவையில் வைத்துத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கினார்கள். முறிந்த கால் தேறிவந்தது. ஆனால் பாரம் முழுவதையும் தாங்கிய இடது பின்னங்காலின் குளம்பு வீங்கிச் சிதைந்தது. 2007 ஜனவரி 29 அன்று, வேதனை தீராது என்று கண்டு, அதைக் கருணையோடு மரிக்கச் செய்தார்கள்.

தகடு எலும்பைக் குணமாக்குவதில்லை, பிரியமானவர்களே. அது பிடித்துக்கொண்டு மாத்திரம் இருக்கிறது. முறிந்த இடத்தில் இரத்தம் உறைந்து, குருத்தெலும்பு போன்ற மிருதுவான திசுவாகி, பிறகு கெட்டியாகி எலும்பாக மாறும் வல்லமையைச் சிருஷ்டிகர் எலும்புக்குள்ளேயே வைத்திருக்கிறார். அதற்குள் பாரம் ஏறினால், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்த கம்பி அறுந்துபோவதுபோலத் தகடு ஒடியும். எலும்பு முந்துகிறதா, தகடு முந்துகிறதா என்பதே போட்டி. அந்தச் சகோதரிக்கு நான் சொன்ன விடை இதுதான்.

"ஜெபித்தாயிற்று, இனி ஓய்வு எதற்கு?" என்று கேட்கிற விசுவாசிகளும் நம்மில் உண்டு. தெய்வீக சுகத்தை நானும் விசுவசிக்கிறேன், கண்ணாலும் கண்டிருக்கிறேன். ஆனாலும் அந்தச் சகோதரர் எழுந்துபோனது விசுவாசத்தினால் அல்ல. கூலியில்லாமல் ஐந்து வாரம் கழிந்தது. வீட்டு வாடகை நின்றது. ஊருக்குப் பணம் அனுப்பவில்லை. புலிக்காவது கூண்டுக்குள் ஆகாரம் வருகிறது. இவர் படுத்திருந்தால் அடுப்பு எரிவதெப்படி? நாங்கள் போய் ஜெபித்தோம். அரிசிப் பானையைப் பார்க்கவில்லை. இதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

மேவிபோசேத்தை நினைத்துப் பாருங்கள். ஐந்து வயதில் தாதியின் அவசரத்தில் விழுந்து இரு கால்களும் முடமானவன். அவன் கால்களைச் சரிசெய்ய அந்நாளில் ஒருவராலும் கூடவில்லை. தாவீது அவனைத் தன் பந்தியில் உட்காரவைத்தான்.

அந்தச் சகோதரருக்கு இரண்டாம் அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. மறுபடியும் மூன்று மாதம். நம் சபையின் சகோதரிகள் வாரத்துக்கு ஒரு குடும்பமாக அரிசியும் காய்கறியும் கொண்டுபோகிறார்கள். வாடகையை வாலிபர் கூட்டத்தார் ஏற்றுக்கொண்டார்கள். கடைசி இரண்டு வாரங்களுக்கு மாத்திரம் இன்னும் குடும்பம் தேவைப்படுகிறது.